காகிதம் எழுந்து போன இடத்தில்

சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கும் நிறுவனங்கள் பல உண்டு. லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவரும் மருத்துவ, அறிவியல் இதழ்களின் கட்டுரைகள் இங்கே திருத்தப்பட்டு, படமும் அட்டவணையும் பொருத்தப்பட்டுப் பக்கங்களாகின்றன. அப்படியோர் அலுவலகத்துக்குள் இன்று நுழைந்தால் மேசைக்கு இரண்டு மானிட்டர் இருக்கும். ஒன்றில் கட்டுரையாளர் அனுப்பிய மூலம், மற்றொன்றில் உருவாகிக்கொண்டிருக்கும் பக்கம். வேலைக்குச் சேர்ந்த அன்றே இரண்டையும் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்று பழுதாகிவிட்டால், மாற்று வரும்வரை வேலையே ஓடவில்லை என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த அலுப்பு நியாயமானதுதான்.

1990களின் கடைசியில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எல்லாருக்கும் ஒரே மானிட்டர்தான். அது போதவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காரணம், அன்று மேசையில் காகிதம் இருந்தது. இரண்டாவது மானிட்டர் வந்ததற்கு வேகம், விலை, வசதி என்று பல காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், காகிதம் மேசையை விட்டு எழுந்து போனதுதான் முதல் காரணம். காலியான அந்த இடத்தில்தான் இந்தத் திரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

அன்றைய மேசையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நடுவில் 15 இன்ச் மானிட்டர், பழைய டிவியைப் போன்ற கண்ணாடிக் குழாய் வகை. முன்பக்கம் சிறியது, பின்பக்கம் நீண்டு சுவரைத் தொடும். கீபோர்டு வைக்க மேசைமேல் இடம் மிஞ்சாது; அடியில் இழுத்துக்கொள்ளும் பலகையில் இருக்கும். மானிட்டருக்கு இடப்பக்கம் தாள் மாட்டும் ஸ்டாண்டு. சாய்வான தகடு, தலையில் ஒரு கிளிப், குறுக்கே மேலும் கீழும் நகரும் ஒரு பட்டை. கூரியரில் வந்த கட்டுரையின் தாளை அதில் மாட்டிவிட்டு, எந்த வரியில் வேலை நடக்கிறதோ அந்த வரிக்கு அடியில் பட்டையை நிறுத்துவோம். தாளில் எடிட்டர் சிவப்புப் பேனாவால் திருத்தியிருப்பார். கட்டுரையாளரிடம் கேட்க வேண்டிய சந்தேகங்கள் ஓரத்தில் பென்சிலில் இருக்கும். கண் இடப்பக்கம் போய் ஒரு சொற்றொடரை எடுத்துவரும். கை அதைத் திரையில் இறக்கும். பட்டை ஒரு வரி கீழே நகரும். மூலத்தைத் தேட வேண்டியதில்லை, திறக்க வேண்டியதில்லை, வேறொன்று வந்து அதை மறைப்பதும் இல்லை. வைத்த இடத்தில் அது இருந்தது.

புரூஃப் வந்ததும் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். கமா, புள்ளி, புதுப் பத்தி, சாய்வெழுத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர் கையில் பேனாவோடு புரூஃபைப் பார்த்துக்கொண்டே வருவார். ஈயம் கோத்த காலத்திலிருந்து அச்சகங்களில் இருந்துவந்த வழக்கம் அது. காதும் கண்ணும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டதால் விட்டுப்போன வரி உடனே பிடிபட்டுவிடும்.

ஆடிட்டர் அலுவலகங்களிலும் இதே ஏற்பாடுதான். கம்ப்யூட்டரில் டேலி, பக்கத்தில் வவுச்சர் கட்டு. ஒரு வவுச்சரைப் பதிந்ததும் அதன் மூலையில் சிவப்பில் ஒரு டிக். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்த் திரும்பினாலும் எங்கே விட்டோம் என்று அந்த டிக் சொல்லும். மூலம் என்ன, வேலை எதுவரை முடிந்தது என்ற இரண்டையும் ஒரே தாள் சொன்னது.

திரையை வடிவமைத்தவர்களின் மனதிலும் காகிதம்தான் இருந்தது. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்டோ கம்ப்யூட்டரின் திரை இன்றைய மானிட்டர்களைப் போல அகலவாக்கில் இல்லை. நிமிர்த்தி வைத்த தாளின் வடிவில் உயரவாக்கில் இருந்தது. குறுக்கே 606 புள்ளி, நெடுக்கே 808 புள்ளி. பின்னால் கடைக்கு வந்த சிறு கம்ப்யூட்டர்களில் அந்த வடிவம் கிடைக்கவில்லை. ஆப்பிளின் மெக்கின்டாஷ் பிளஸ் 9 இன்ச் திரையோடு வந்தது. பத்திரிகைப் பக்கம் ஒன்றை அதில் முழுதாக வைத்துப் படிக்க முடியாது. மெக்கின்டாஷை உருவாக்கிய குழுவிலிருந்து வெளியே வந்த சிலர் 1986இல் ரேடியஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் தயாரிப்பே, முழுப் பக்கத்தையும் அப்படியே காட்டும் உயரவாக்கு மானிட்டர். அதை மெக்கின்டாஷின் பக்கத்தில் வைத்து இணைத்தால் சின்னத் திரையும் பெரிய திரையும் சேர்ந்து ஒரே பரப்பாகிவிடும். மௌஸ் அம்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து போகும். ஒரு விண்டோவை இங்கிருந்து இழுத்து அங்கே விடலாம். 1987இல் வந்த மெக்கின்டாஷ் டூவில் ஆப்பிளே இந்த ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. இன்று நாம் இரண்டு மானிட்டரில் செய்யும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். அது ஒரு தாளை முழுதாகப் பார்க்கும் ஆசையிலிருந்து பிறந்தது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

ஐபிஎம் பக்கத்தில் கதை வேறு. 1981இல் வந்த அவர்களுடைய பிசிக்கு எழுத்தை மட்டும் காட்டும் கார்டு ஒன்று, வண்ணப் படம் காட்டும் கார்டு ஒன்று என இரண்டு வகை விற்றார்கள். இரண்டும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரிகளைப் பயன்படுத்தியதால் ஒரே பெட்டியில் இரண்டையும் செருகி இரண்டு மானிட்டர் வைத்துக்கொள்ள முடிந்தது. ஆட்டோகேடில் வரைந்தவர்கள் இதை நன்றாகப் பயன்படுத்தினார்கள். கட்டளைகள் ஒரு திரையில் ஓடும், வரைபடம் மற்றொன்றில் முழுதாக நிற்கும்.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்படி நடந்த இடம் கோடம்பாக்கத்து எடிட்டிங் அறை. மூவியோலா என்ற ஃபிலிம் எடிட்டிங் இயந்திரத்தின் காலத்தில் எடிட்டருக்குப் படம் என்பது கையில் பிடிக்கும் பொருள். நொடிக்கு 24 ஃபிரேம். ஆயிரம் அடிச் சுருள் ஓடினால் ஏறக்குறைய 11 நிமிடம். வெட்டிய ஃபிலிம் துண்டுகளை வரிசையாகக் கொக்கிகளில் தொங்கவிட்டு, வால் தரையில் படாமல் கீழே துணி விரித்த பெட்டிக்குள் இறக்கியிருப்பார்கள். எந்த ஷாட் எங்கே தொங்குகிறது என்று உதவியாளருக்குத் தெரியும். எடிட்டர் கேட்டதும் எட்டி எடுத்துக் கொடுப்பார். 1989இல் அமெரிக்காவில் அறிமுகமான அவிட் எடிட்டிங் முறை மெக்கின்டாஷ் டூவின் மேல்தான் கட்டப்பட்டது, அதுவும் இரண்டு மானிட்டரை வைத்து. இடப்பக்கத்தில் ஷாட்டுகளின் பட்டியல். வலப்பக்கத்தில் மூல ஷாட்டும் வெட்டிச் சேர்த்த காட்சியும் அருகருகே, அவற்றுக்குக் கீழே காலக்கோடு. 1994 பொங்கலுக்கு வந்த கமல்ஹாசனின் ‘மகாநதி’, அவிட் பயன்படுத்தப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. கொக்கியில் தொங்கிய துண்டுகள் இருந்த இடத்தை அந்த இடப்பக்க மானிட்டர் எடுத்துக்கொண்டது. அங்கே போனது காகிதத்துக்குப் பதில் ஃபிலிம். மற்றபடி நடந்தது ஒன்றேதான்: மேசைப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மூலப்பொருள் கம்ப்யூட்டருக்குள் போனதும், அதைக் கண்முன் வைத்திருக்க இன்னொரு திரை தேவைப்பட்டது.

எங்கள் தொழிலில் இது நடக்க இன்னும் பல வருடம் ஆயிற்று. மென்பொருள் தயாராகத்தான் இருந்தது. 1998இல் வந்த விண்டோஸ் 98 ஒன்பது மானிட்டர் வரை ஏற்றுக்கொள்ளும். மறுவருடமே கனடாவின் மேட்ராக்ஸ் நிறுவனம் ஒரே கார்டில் இரண்டு மானிட்டரை இணைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. தடையாக நின்றது அந்தக் கண்ணாடிக் குழாய். 17 இன்ச் மானிட்டர் ஒன்று 15 கிலோவுக்கு மேல் கனக்கும். இரண்டு வைத்தால் மேசை நிறைந்துவிடும். மின்சாரமும் இழுக்கும், அறையையும் சூடாக்கும். ஏசிக்கும் யுபிஎஸ்ஸுக்கும் செலவு ஏறும். போதாததற்கு, இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதைத் தொந்தரவு செய்து படம் நடுங்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிக்கு எந்த மேசையில் இடம் இருந்தது?

இதற்கிடையில் காகிதம் போக ஆரம்பித்துவிட்டது. அடோபி 1993இல் வெளியிட்ட பிடிஎஃப் வடிவம் 2000ஐ ஒட்டிப் பதிப்பாளர்களிடம் நன்றாக ஊன்றிவிட்டது. கட்டுரைகள் வேர்டு கோப்பாக மின்னஞ்சலில் வந்தன. புரூஃப் பிடிஎஃப்பாகப் போனது, திருத்தங்களும் பிடிஎஃப்பிலேயே திரும்பி வந்தன. கூரியர் செலவு மிச்சம், நாள் கணக்கு மிச்சம். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஸ்டாண்டு மட்டும் காலியாக நின்றது. மானிட்டரோ இன்னும் ஒன்றுதான்.

என் பார்வையில் இந்தத் தொழிலின் மிக மோசமான காலம் அந்த இடைப்பட்ட சில வருடங்கள். மூலமும் பக்கமும் ஒரே 17 இன்ச் திரைக்குள் நெருக்கியடித்தன. இரண்டையும் பாதிப் பாதியாக வைத்தால் இரண்டுமே படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆல்ட்-டேப் அழுத்தி மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரு மருத்துவக் கட்டுரையின் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வரிசை, ஏழு பத்தி, எல்லாம் தசம எண்கள். மூலத்தைப் பார்த்து நான்கு எண்ணை மனதில் வாங்கிக்கொண்டு ஆல்ட்-டேப். பக்கத்தில் சரிபார்த்துவிட்டு மறுபடி ஆல்ட்-டேப். திரும்பி வந்தால் எந்த வரிசையில் இருந்தோம் என்பது தெரியாது, ஏனென்றால் பட்டை இல்லை. 0.043 என்பது மனதில் 0.034 ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே படும். மாத்திரையின் அளவும் நோயாளிகளின் எண்ணிக்கையும் உள்ள அட்டவணையில் அப்படியொரு பிழை அச்சாகிவிட்டால் அது வெறும் அச்சுப்பிழை இல்லை. அதை நம்பி ஒரு டாக்டர் முடிவெடுக்கக்கூடும். கைதேர்ந்தவர்கள் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? வந்த பிடிஎஃப்பைப் பிரிண்ட் எடுத்துப் பழைய ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டார்கள். தாள் செலவு கூடுகிறதென்று நிர்வாகங்கள் அதற்கும் கணக்குக் கேட்டன. அந்தப் பிரிண்டவுட்டுகள்தான் உண்மையில் இரண்டாவது மானிட்டருக்கான கோரிக்கை மனுக்கள். யாரும் அப்படி வாசிக்கவில்லை.

பிறகு எல்சிடி வந்தது. 2005ஐ ஒட்டி அதன் விலை இறங்க இறங்கக் குழாய் மானிட்டர்கள் லாரி லாரியாகப் பழைய சாமான் கடைக்குப் போயின. மேசை ஒரே நாளில் அகலமானது. எங்களுக்கு இரண்டாவது மானிட்டர் புதுச் சரக்காக வரவில்லை. டீம் லீடருக்குப் பெரியது வாங்கியபோது மிஞ்சிய பழைய 15 இன்ச் ஒன்று எடிட்டருக்கு வரும், அவரிடமிருந்து பக்கம் கட்டுபவருக்குப் போகும். இரண்டும் வேறு வேறு உயரம், வேறு வேறு நிறச் சாயல். சின்னதன் அடியில் ஒரு டிக்‌ஷனரியை வைத்து மட்டம் பார்ப்பார்கள். ஆனாலும் முதல் நாளே வித்தியாசம் தெரிந்துவிட்டது. மூலம் மறுபடியும் வைத்த இடத்தில் இருந்தது.

2009இல் வந்த விண்டோஸ் 7இல் ஒரு விண்டோவைக் கீபோர்டிலிருந்தே பக்கத்து மானிட்டருக்குத் தள்ள முடிந்தது. 2012இல் விண்டோஸ் 8 இரண்டு மானிட்டரிலும் டாஸ்க்பாரைக் காட்டியது. சிறு விஷயங்கள்தான், நாள் முழுக்க இதிலேயே இருப்பவருக்கு அவை பெரியவை. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, திருப்பி நிறுத்தும் ஸ்டாண்டு. 24 இன்ச் மானிட்டரை உயரவாக்கில் திருப்பினால் ஏ4 பக்கம் ஒன்று நிஜத் தாளைவிடப் பெரிதாக, தலைப்பிலிருந்து அடிக்குறிப்புவரை ஒரே பார்வையில் தெரியும். ஸ்க்ரோல் செய்ய வேண்டியதில்லை. அனுபவமுள்ள புரூஃப் ரீடர்கள் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆல்டோவின் திரை நின்ற அதே வாக்கு.

தாளால் முடியாதவை பல இப்போது முடிகின்றன. ஒரு மருந்தின் பெயர் கட்டுரையில் எத்தனை இடத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று மூலத்தில் தேடிக்கொண்டே பக்கத்தில் திருத்தலாம். மங்கலான படத்தைப் பெரிதாக்கலாம். போனவற்றில் எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான்: எதிரெதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்த வழக்கம். இரண்டு மானிட்டரும் ஒரு ஆளும் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒரே ஆள் இரண்டையும் பார்க்கும்போது, தான் எதிர்பார்ப்பதையே இரண்டிலும் பார்த்துவிடுகிறார். விட்டுப்போன ‘இல்லை’ ஒன்றைக் கண் தாண்டிப் போய்விடும், காது தாண்டவிடாது. முக்கியமான கட்டுரைகளுக்காவது அந்தப் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அலுவலகக் கம்ப்யூட்டர்கள் வண்டியேறி வீடுகளுக்குப் போயின. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இருந்த நிறுவனங்கள் அதற்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பெரும்பாலோருக்கு ஒரு மானிட்டரோ லேப்டாப்போதான் கிடைத்தது. சாப்பாட்டு மேசையிலும் பீரோ ஓரத்திலும் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் மறுபடி ஆல்ட்-டேப் காலத்துக்குப் போனார்கள். கைக்காசு போட்டு மானிட்டர் வாங்கினார்கள். முடியாதவர்கள் ஹால் டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிச் சமாளித்தார்கள். இரண்டாவது திரை ஆடம்பரம் என்ற பேச்சு அந்த வருடத்தோடு போயிற்று.

இப்போது இன்னொரு மாற்றத்தைப் பார்க்கிறேன். பல மேசைகளில் இரண்டாவது மானிட்டரில் மூலம் இல்லை. மின்னஞ்சலும் குழு அரட்டையும் திறந்தபடி இருக்கின்றன. நொடிக்கொரு செய்தி ஓரக்கண்ணில் எட்டிப் பார்க்கிறது. கவனத்தைக் காப்பாற்ற வந்த திரை கவனத்தைக் கலைக்கும் திரையாகிவிட்டது. இது ஊழியரின் குற்றம் இல்லை. உடனே பதில் வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை செய்கிறவர்களுக்கு, அதாவது எடிட்டர், மொழிபெயர்ப்பாளர், கணக்கர், புரோகிராமர் போன்றவர்களுக்கு, இரண்டு திரை கட்டாயம் வேண்டும். சொந்தமாக யோசித்து எழுதுபவருக்கு ஒன்றே நல்லது. மூன்றும் நான்கும் பங்குச்சந்தை மேசைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் பொருந்தும். அதிகம் பார்க்கும் மானிட்டரை நேர் எதிரே, மேல்விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டாமல் வைத்து, மற்றதைப் பக்கத்தில் சற்றுச் சாய்த்து வையுங்கள். இரண்டையும் சமமாகப் பார்ப்பவர் என்றால் இரண்டும் சேரும் இடம் மூக்குக்கு நேரே இருக்கட்டும். கழுத்து வலியோடு வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

காகிதம் போனதில் நம்மைவிட அதிகம் இழந்தவர்கள் கவுண்டருக்கு வெளியே நிற்பவர்கள். முன்பெல்லாம் விண்ணப்பப் படிவத்தை நாமே நிரப்பி, ஒருமுறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். இன்று பல இடங்களில் நாம் வாயால் சொல்கிறோம், உள்ளே இருப்பவர் அடிக்கிறார். என்ன அடித்தார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். இதை முன்கூட்டியே யோசித்த இடம் ஆதார் பதிவு மேசை. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் வழங்கப்பட்டது. பதிவு மேசையில் இரண்டாவது மானிட்டர் ஒன்று இருக்க வேண்டும், அது பதிவுக்கு வந்தவரைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும் என்பது ஆதார் ஆணையத்தின் நிபந்தனை. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஆங்கிலத்திலும் அந்த மாநில மொழியிலும் அதில் தெரியும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அடித்ததை மென்பொருள் தானாகத் தமிழாக்கும்போது கயல்விழி கயல்விலி ஆகிவிடலாம், வள்ளி வல்லி ஆகிவிடலாம். இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பாவின் பெயர் முன்னே வருமா பின்னே வருமா என்ற குழப்பம் வேறு. அங்கே விழுந்த பிழை வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை என்று எல்லா இடத்துக்கும் கூடவே வரும். திருத்த அலைபவர்கள் பெரும்பாலும் கூலி வேலையை விட்டுவிட்டு வருபவர்கள். ஒரு எழுத்துக்காக ஒரு நாள் கூலி போகும்.

அதனால் இரண்டு வேண்டுகோள். கவுண்டரில் ‘சரியா இருக்கா?’ என்று கேட்டால் திரையைப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள். உடன் வந்த பெரியவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். திரை உங்கள் பக்கம் இல்லையென்றால் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடுத்தது, மக்களிடம் கேட்டுக் கேட்டுத் தகவல் பதியும் எல்லா அலுவலகப் பொறுப்பாளர்களுக்கும். இ-சேவை மையமோ, மருத்துவமனை ஓபி சீட்டு தரும் இடமோ, கூட்டுறவு வங்கியோ, வெளியே பார்த்த ஒரு மானிட்டரை இன்றே வையுங்கள். அதற்குப் புதிதாக நிதி கேட்டு எழுத வேண்டாம். உங்கள் ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய 17 இன்ச் எல்சிடியும் ஒரு கேபிளும் போதும்.